மேல்பல்லும் கண் நரம்பும்

தனியார் டவுண் பஸ்ஸில் இருபது வருஷம் கண்டக்டராக ஓடியவன் நான். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு மிச்சப் படிப்பு பயணிகளின் பேச்சுதான். டவுணில் ஏறி கங்கைகொண்டானில் இறங்குவதற்குள் ஒவ்வொருவரும் உலகத்தையே அலசிக் காயப்போட்டுவிடுவார்கள். ருசியான பேச்சு காதில் விழுந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனைவியிடம் சொல்வேன். பீடித் தட்டை மடியில் வைத்து இலை நறுக்கியபடியே சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அத்தனையும் கேட்டு வைத்தேன்.

அவளுக்கு ஈறில் ரத்தம் வரும். பல் விளக்கித் துப்பினால் சிவப்பாக இருக்கும். வலித்தால் தட்டிலிருந்து ஒரு சிட்டிகைப் பீடித்தூளை எடுத்து ஈறில் அப்பிக்கொள்வாள், மரத்துப்போகும். எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற பெண்கள் பலருக்கும் அதுதான் மருந்து. ஒரு நாள், "பல் ஆசுபத்திரிக்குப் போவமா?" என்று கேட்டாள். அன்று காலை பஸ்ஸில் ஒரு அண்ணாச்சி சொன்னது என் நாக்கில் சூடாறாமல் இருந்தது.

"ஏட்டி, மேல்பல்லுல கை வச்சா கண்ணுக்குப் போற நரம்பு போச்சு. பொறவு நீ பீடி சுத்துவியா, தடவுவியா?" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். பல் பேச்சு அத்தோடு முடிந்தது.

பத்து வருஷம் போயிற்று. கால் வீங்கியது, சோறு இறங்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்றார்கள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆற்றுக்கு அந்தக் கரையில் நெல் போடுகிற அவளுடைய அண்ணன் வந்து நின்றார். "என்னோடதுல ஒண்ண எடுத்துக்கிடட்டும் மாப்ளே. ரெண்டையும் வச்சு நான் என்ன செய்யப்போறேன்?" சோதித்தார்கள், பொருந்தியது.

ஆபரேஷனுக்கு நாள் கேட்கப் போனோம். டாக்டர் அவளை வாயைத் திறக்கச் சொன்னார்.

"கோளாறு கிட்னியிலல்லா சார்?" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஈறுல தங்குற கிருமி ரத்தத்துல கலந்து உடம்பு பூரா போகும்யா. கிட்னியையும் கெடுக்கும்னு சந்தேகப்படுதாங்க. இவங்களுக்கு அதாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கிட்னி வச்ச பொறவு எதிர்ப்புச் சக்தியக் குறைக்க மருந்து குடுப்போம். அப்ப இந்த வாய் இப்படியே இருக்கக் கூடாது. மேல்பல்லு ஆறு ஆடுது. எடுத்து, ஈறு ஆறின பொறவுதான் ஆபரேஷன்."

அவள் என்னைப் பார்த்தாள். வெளியே வந்ததும் சொன்னாள்: "நான் மாட்டேன். கண்ணுக்குப் போற நரம்பு போச்சுன்னா? நீங்கதான சொன்னீய?"

வேடிக்கைக்குச் சொன்னேன் என்றேன். பல் டாக்டரே சொல்லியும் கேட்கவில்லை. அத்தனை வருஷம் நான் அளந்ததையெல்லாம் நம்பியிருந்தவள், நான் அளந்ததே பொய் என்றபோதுதான் நம்பவில்லை. ஐந்து மாதம் பிடிவாதம். ஒவ்வொரு மாதமும் அவள் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

கடைசியில் அண்ணன்தான் கூப்பிட்டார். "ஏட்டி, கண்ணு போனா நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். எந்திச்சு வா."

போனாள். ஆறு பல்லும் போயின. ஈறு ஆறியது. ஆபரேஷனுக்கு முன் அண்ணனை மறுபடி சோதித்தார்கள். போன தடவை இல்லாத சர்க்கரை இப்போது இருந்தது. ஒன்றை எடுத்தால் அவருக்கே ஆபத்து, முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன், அந்தப் பெரிய மனிதர், ஆஸ்பத்திரி வாசலில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். என் ரத்தம் சேராது. வேறு யாரும் இல்லை. இறந்தவர் யாரிடமிருந்தாவது கிடைக்கும் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறோம். எப்போது என்று கேட்டால் யாரும் முகம் பார்த்துப் பதில் சொல்வதில்லை.

நேற்று டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸில் வந்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆற்றுப்பாலம் வந்ததும் குனிந்து பார்த்தாள்.

"கண்ணுக்கு ஒண்ணும் ஆவலங்க," என்றாள், பல்லில்லாத மேல் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு. "அந்தா, துணி துவைக்கிறவ கையில வளையல் கிடக்கதுகூடத் தெரியுது."

பின் சீட்டில் யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நான் திரும்பிக் கேட்கவில்லை.