ஸ்டோர் ரூமில் லைஃப் ஜாக்கெட்

சௌந்திரத்துக்குக் கோபம் வந்தால் பிரின்ஸிபாலே வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார். ராசிபுரத்துக்காரி. லாரி ஓட்டிய புருஷன் ரோட்டிலேயே போய்ச் சேர்ந்த பிறகு, நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் சமையல்கட்டுக்கு வந்து, பெண்பிள்ளைகளுக்கு வார்டனானவள். பிள்ளைகளை வாய் ஓயாமல் திட்டுவாள். வேறு யாராவது திட்டினால் அவர்களை உண்டு இல்லையென்று பண்ணிவிடுவாள்.

அந்த விடுதியில் கடலோரத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு கோழித்தீவனக் கம்பெனி படிக்க வைத்தது. நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? அதே கம்பெனி அவர்களுடைய குப்பத்து மீனவர்களுக்கு லைஃப் ஜாக்கெட்டும் வாங்கியது. வாங்கியதைக் கடற்கரைக்கு அனுப்பினார்களா? இல்லை. கடலே இல்லாத நாமக்கல்லில், விடுதி ஸ்டோர் ரூமில் அடுக்கிப் பூட்டி, சாவியைச் சௌந்திரத்திடம் கொடுத்தார்கள். விழா வைத்து, அப்பாக்களை வரவழைத்து, முதலாளியம்மா தன் கையால் மாட்டிவிட வேண்டுமாம். முதலாளியம்மாவோ மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போயிருந்தார். சித்திரையில் வந்த பெட்டிகள் தூசி படிந்து கிடந்தன.

ஐப்பசியில் மழை பிடித்தது. பிளஸ் டூ படிக்கும் நிலா, மழை வந்தால் புத்தகத்தைத் தொடமாட்டாள். ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவாள். டெஸ்ட்டில் மார்க் சரிந்தது.

"ஏஞ்சாமி, இப்படி உக்காந்திருந்தா எப்படிப் பாஸ் பண்ணுவ?" என்று சௌந்திரம் அதட்டினாள்.

"அப்பா கடலுக்குப் போயிருப்பாங்க வார்டனம்மா. மிதக்கறதுக்குக் காலி எண்ணெய்க் கேனை இடுப்புல கட்டிக்கிட்டுதான் போவாங்க. போன வருசம் சித்தப்பாவும் அப்படித்தான் போனாரு. கயிறு அறுந்து, கேன் மட்டும்தான் கரைக்கு வந்துச்சு."

சௌந்திரத்தின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. உடனே அஸ்தம்பட்டியிலிருந்த கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டாள். இந்த உதவிகளையெல்லாம் பார்த்துக்கொள்ளும் அதிகாரி நவீன்குமார் எடுத்தான்.

"ஏனுங்க சார், அந்தப் பெட்டிகள அனுப்பி உட்றலாமுங்க. மழை புடிச்சுக்கிச்சு."

"விழா இல்லாம எப்படிம்மா? ஆண்டறிக்கைக்குப் படம் வேணும். மேடம் தை மாசம் வந்துருவாங்க."

"தை வரைக்கும் கடல் சும்மா இருக்குமுங்களா?"

"அது உங்க வேலை இல்லம்மா. சாவியப் பத்திரமா வெச்சிருங்க."

படம் வேணுமாம், படம்! கம்பெனியின் சொந்த லாரி வாராவாரம் அதே கடற்கரைக்குத்தான் தீவனத்துக்கு மீன்தூள் ஏற்றப் போகிறது. போகும்போது காலி வண்டி. ஓட்டுகிற பயாஸ், அவள் புருஷனிடம் கிளீனராக இருந்தவன். மறுநாள் அவனைப் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"கம்பெனில கேட்டா என்னக்கா சொல்றது?"

"கம்பெனிச் சாமான் கம்பெனி வண்டில போகுது. கேட்டா என் பேரச் சொல்லு."

பெட்டிகள் போயின. திரும்பி வந்த பயாஸ், கயிற்றோடு ஒரு மஞ்சள் கேனை இறக்கி வைத்தான்.

"நிலாவோட அப்பா குடுத்தாருக்கா. தம்பி கட்டியிருந்த கேனாம். இத்தன நாளும் அதையேதான் இவரும் கட்டிக்கிட்டாராம். இனி வேண்டாம்னாரு."

அன்றும் மழை கொட்டியது. நிலா புத்தகத்தை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

தை பிறந்தது, முதலாளியம்மா வந்தார். விழாவுக்கு முதல் நாள் நவீன்குமார் கேமராக்காரரோடு வந்து ஸ்டோர் ரூமைத் திறக்கச் சொன்னான். உள்ளே அந்தக் கேன் மட்டும் இருந்தது.

"பெட்டியெல்லாம் எங்கம்மா?"

"ஐப்பசியிலேயே ஊருக்குப் போயிருச்சுங்க."

நவீன்குமார் கேமராக்காரரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "சரி, நாளைக்கு ஒருநாள் மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. படம் எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துரலாம்."

"கடலுக்குப் போறவன்கிட்ட கழட்டிக் கேக்கச் சொல்றீங்களா?"

"ஒருநாள்தானேம்மா? இல்லேன்னா உங்க வேலையே போயிரும், பாத்துக்குங்க."

ஒருநாளாம். நிலாவின் சித்தப்பா போனதும் ஒரே நாளில்தான். சௌந்திரம் சாவிக்கொத்தைக் கழற்றி அவனுடைய ஒரு கையில் வைத்தாள். கேனைத் தூக்கி மறு கையில் மாட்டினாள்.

"இந்தாங்க சார், ரெண்டையும் வெச்சுக்குங்க. படம் வேணும்னா நாளைக்கு மேடையில இதை இடுப்புல கட்டிக்கிட்டு நீங்க நில்லுங்க."