நான்காவது அலாரத்துக்கு மாட்டிய பை

மார்ச் 14, சனிக்கிழமை. பிற்பகல் 2 மணி 40 நிமிடம். வெயில் 38 டிகிரி. காற்று துளியும் இல்லை. வேப்பமரம் படத்தில் வரைந்தது போல நின்றது.

நேரத்தை இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறேன்? அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். தென்னங்கன்றுகளுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பதினேழாவது குடத்தில் நிமிர்ந்தபோது, 140 அடி தள்ளி, என் வீட்டின் பின்பக்க ஜன்னலிலிருந்து கறுப்பாகப் புகை வந்தது.

உள்ளே என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள்.

செக்கானூரணி தாண்டிப் பதினோரு கிலோமீட்டரில் இருக்கிறது அந்தத் தோட்டத்து வீடு. டவுனில், கோச்சடையில் வீடு இருக்க இது எதற்கு என்று மகன் கேட்டான். இரண்டு பேருக்கும் அங்கேதான் தூக்கம் வருகிறது, அவ்வளவுதான். மின்கம்பி வர வேண்டுமானால் 23 கம்பம் நட வேண்டும் என்றார்கள். சோலார் போட்டுக்கொண்டேன்.

வேலை பார்த்த காலத்தில் 31 வருடம் இன்சூரன்ஸில் தீ விபத்துக் கோப்புகளைப் படித்தவன் நான். அதனால் பயம் அதிகம். தீயணைப்பு வண்டி வந்து சேர நாற்பது நிமிடமாவது ஆகும். கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. அதோடு இன்னொன்று... பேட்டரி அறையில் தீப்பிடித்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் போர் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் எங்கே?

ஆகவே, முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். சிம்மக்கல் எலக்ட்ரிக் கடையிலிருந்து செல்வம் என்ற இளைஞர் வந்து நான்கு புகை அலாரம் மாட்டினார். ஹால், படுக்கையறை, சமையலறை, பேட்டரி அறை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சின்ன பேட்டரி. சோலார் நின்றாலும் கத்தும். போகும்போது செல்வம் சொன்னார்: “சார், இது சாம்பிராணிப் புகை, சிகரெட் புகைன்னு சாதி பாக்காது. எல்லாத்துக்கும் கத்தும்.”

கத்தியது. வெள்ளிக்கிழமைதோறும் வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவது வழக்கம். போடுவது பாண்டியம்மாள். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்து ஆறு வருடமாக வீட்டையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிறவள். நான் ஒரு ஏற்பாடு செய்தேன். சாம்பிராணிக்கு முன் மூன்று அலாரங்களுக்குக் கேரி பேக் மாட்டி ரப்பர் பேண்ட் போடுவேன். முடிந்ததும் மூன்றையும் எடுத்துவிட்டு நோட்டில் குறிப்பேன். நான்காவதை மூட வேண்டியதில்லை. பேட்டரி அறைக்குள் சாம்பிராணி போகவே கூடாது என்பது என் உத்தரவு.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அது மீறப்பட்டது. பாண்டியம்மாள் தூபக்காலுடன் பேட்டரி அறைக்குள் போய்விட்டாள். அலாரம் அலறியது. ஏன் போனாய் என்று கேட்டதற்கு, வீட்டுக்கே வெளிச்சம் அந்த அறையிலிருந்துதானே வருகிறது, அதற்குக் காட்டாமல் விடலாமா என்றாள். நான் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். நிறையப் பேசினேன்.

சரி, அந்த 2.40-க்கு வருகிறேன். எனக்கு 71 வயது. 140 அடியை ஓடிக் கடப்பதற்குள் பாண்டியம்மாள் என் மனைவியைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தாள். உட்கார வைத்ததும் மறுபடி உள்ளே ஓடினாள். பேட்டரி அறையின் இரும்புக் கதவை வெறுங்கையால் இழுத்துச் சாத்தினாள். தீ அந்த அறையோடு நின்றது அதனால்தான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடிவந்து, கட்டட வேலையில் மிஞ்சிய மணலை ஜன்னல் வழியே அள்ளிக் கொட்டினார்கள். அரை மணி நேரத்தில் அடங்கியது.

ஒரு பேட்டரியில் வயரை முடுக்கிய திருகு தளர்ந்து, சூடேறி, உருகியிருக்கிறது. அது புரிந்தது. புரியாதது ஒன்றுதான். மற்ற மூன்றுக்கும் புகை எட்டுமுன் கதவு சாத்தப்பட்டுவிட்டது, சரி. பேட்டரி அறை அலாரம் ஏன் கத்தவில்லை?

நோட்டைப் பார்த்தேன். முந்தைய நாள், வெள்ளி: மூடியது மூன்று, எடுத்தது மூன்று. கணக்கு சரி. அப்படியானால் சரக்குதான் மோசம். கம்பெனிக்கு மூன்று பக்கத்தில் புகார்க் கடிதம் எழுதினேன். புதன்கிழமை செல்வத்தை வரச் சொன்னேன். உன் கடை ஓனரிடமும் சொல்லி, நீ இனி எந்த வீட்டிலும் எதையும் மாட்டாதபடி செய்கிறேன் என்று நிற்க வைத்துச் சொன்னேன்.

அவர் கருகிய அலாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சார், இது மேல வேற பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருக்கு” என்றார். தப்பிக்கப் பார்க்கிறாயா என்றேன்.

வாசற்படியில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த பாண்டியம்மாள் எழுந்தாள்.

“அந்தத் தம்பியப் பேசாதீகய்யா. நாந்தான் அதுக்குப் பையி மாட்டுனேன்.”

“நோட்டுல கணக்கு சரியா இருக்கே” என்றேன்.

“அந்த ரூமுக்குச் சாம்பிராணி காட்டாம மனசு கேக்கல. போன மாசம் அது கத்துனதுக்கு எம்புட்டு வஞ்சீக. அதான் நீங்க வீட்டு முன்பக்கம் இருக்கையில பையப் போட்டு மூடிட்டு, வெரசாக் காட்டிட்டு வந்தேன். பெறகு எடுப்பம்னு நெனச்சேன். மறந்துபோச்சு.”

“நாலு நாளா ஏன் சொல்லல?”

“சொன்னா இருக்கச் சொல்லுவீகளா, போகச் சொல்லுவீகளான்னு தெரியலய்யா.”

செல்வம் அலாரத்தை மெதுவாகத் தரையில் வைத்தார். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. அது பார்ப்பதைவிட மோசம்.

யோசித்துப் பாருங்கள். புகையைக் கண்டுபிடிக்க நான்கு கருவி வாங்கினேன். ஆனால் தவறு நடந்தால் இந்த வீட்டில் யாரும் என்னிடம் சொல்ல முடியாதபடி ஆக்கி வைத்திருந்தேன். அந்தப் பையை மாட்டியது பாண்டியம்மாளின் கை. மாட்ட வைத்தது என் வாய். கோபக்கார வீட்டில் எது கெட்டாலும் முதலில் அதை மூடத்தான் தோன்றும். மூடியவர்கள் பொய்யர்கள் அல்ல, பயந்தவர்கள்.

உங்கள் வீட்டில் அலாரம் இருக்கிறதோ இல்லையோ, இன்று ஒருமுறை கேளுங்கள்: என்னிடம் சொல்லப் பயந்து ஏதாவது வைத்திருக்கிறீர்களா? கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். அதுதான் சிரமம்.

செல்வத்திடம் மன்னிப்புக் கேட்டேன். கடிதத்தைக் கிழித்தேன். பாண்டியம்மாள் ஒரு கணக்குச் சொன்னாள்: “அந்த எரிஞ்ச பொட்டிக் காச என் சம்பளத்துல பிடிச்சுக்கங்கய்யா.”

பிடிக்கவில்லை. இரண்டு பேட்டரி 29,000. வயரும் செல்வத்தின் கூலியும் 2,350. இரும்புக் கதவு 4,800. புது அலாரம் ஒன்று 1,450. அவள் உள்ளங்கைக்குக் கட்டு மாற்ற பதினொரு முறை ஆட்டோவும் ஆஸ்பத்திரியும் 6,140.

ஆக மொத்தம், நாற்பத்து மூவாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். என் வாய்க்கு ஆன செலவு.