கண்டக்டர் பையில் புதுக் காசு

கண்டக்டர் வேலையில் டிக்கெட் கிழிப்பது பாதிதான். நீட்டப்படுகிற காசு காசுதானா என்று பதில் சொல்வது மீதி. அறுபதுகளில் தோள்பை மாட்டியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மூலையில் ஒன்று, நெளிநெளியாக ஒன்று என்று புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தது. செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகிற பஸ்ஸில் எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். எனக்கும் ஒன்றும் தெரியாது.

முழுகாத பைசா

அலுமினியத்தில் ஒரு பைசா வந்த புதிது. மகனுக்குக் காய்ச்சல் தீர வேண்டிக்கொண்டு ஒரு அம்மாள் அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். காணிக்கையைக் கழுவி எடுத்துப்போக நினைத்து, பஸ் கிளம்புமுன், நான் கொடுத்த சில்லறையில் ஒரு பைசாவைச் சொம்புத் தண்ணீரில் மெல்ல வைத்தார். காசு இலை மாதிரி மிதந்தது. அம்மன் வேண்டாம் என்கிறாளோ என்று அவர் முகம் வெளுத்துவிட்டது.

விரலால் தட்டினேன், முழுகியது. துடைத்து மறுபடி வைத்தேன், மறுபடி மிதந்தது. எனக்கே வேடிக்கையாகிவிட்டது. பையைத் துழாவிப் பழைய செப்புப் பைசா ஒன்றைக் கொடுத்தேன். அது நேரே அடியில் போய் உட்கார்ந்தது. அவர் பெருமூச்சு விட்டார்: "இத்த ஆத்தா வாங்கிக்கினா. அத்த நீயே வச்சிக்கப்பா, உனுக்குத்தான் மிதக்குது."

சுருங்கின பத்து ரூபாய்

பத்து ரூபாய் நோட்டைச் சிறிதாக அடித்து விட்ட சமயம். வேர்க்கடலை விற்றுவிட்டுச் செஞ்சியில் ஏறின விவசாயி ஒருவர் ஒரு நோட்டை நீட்டினார். "இன்னாங்க இது, தொவச்சு சுருங்கினாப்ல இருக்குது? ஏமாத்திட்டானுங்களா?" மகள் கல்யாணத்துக்கான பணம் முழுவதும் இதே மாதிரி நோட்டாக அவர் இடுப்பில் இருந்தது.

நானும் அன்றுதான் அதைப் பார்க்கிறேன். கள்ள நோட்டானால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். "குடுங்க, பாக்கலாம்" என்று ஒருவர் கை நீட்ட, நோட்டு ஒவ்வொரு இருக்கையாகக் கைமாறிப் போனது. ஒருவர் வெயிலில் பிடித்து தாளுக்குள் நிழலாகத் தெரியும் சிங்க முத்திரையைத் தேடினார். இன்னொருவர் தன் பழைய நோட்டை மேலே வைத்து அளந்தார். யாரும் குறை சொல்லவில்லை. துணிந்து டிக்கெட் கிழித்து மீதியைக் கொடுத்தேன். அப்போதுதான் அவர் சிரித்தார்: "இத்தினி பேரு கை பட்டுப் போச்சு, இனிமே இது பழைய நோட்டுதான்."

தாமரைக் காசு

மேல்மலையனூரில் கற்பூரம் விற்ற பார்வையில்லாத பெரியவரிடம், ஐம்பது பைசா என்று சொல்லி யாரோ தாமரை போட்ட புது இருபது பைசாவைத் தள்ளிவிட்டார்கள். இரண்டும் வட்டம். இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன். தடவினார், நகத்தால் கீறினார், உள்ளங்கையில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

அடுத்த அமாவாசை நெரிசலில் அவரிடம் கற்பூரம் வாங்கிவிட்டு நானே அவசரத்தில் ஐம்பதுக்கு இருபதைக் கொடுத்துவிட்டேன். முகர்ந்துவிட்டுத் திருப்பி நீட்டினார்: "பித்தள வாசன வருது கண்டக்டரே, கண்ணு தெரிஞ்ச உனுக்கே கொழப்பமா?"

புதுக் காசு எது வந்தாலும் அதைச் செல்லுபடியாக்குகிற வேலை கண்டக்டர் தலையில்தான் விழும், அதற்குத் தனியாகப் படி மட்டும் கிடையாது.