பச்சைக் கதவு

தாணம்மாள் அக்கா வீட்டில் பேய் இருக்கிறது என்று எங்கள் ஊர் முடிவுகட்டியது ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு. அடுத்த தோப்பில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்த வீட்டில் எலி உண்டு, மரநாய் உண்டு. பேய் கிடையாது.

இராஜாக்கமங்கலத்தில் அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. புருஷன் பொன்னுலிங்கம் மஞ்சள்காமாலையில் போன பிறகு, வாழையும் தென்னையும் பார்த்து மகள் அஜிதாவை டீச்சருக்குப் படிக்க வைத்தவள். தோப்பு நடுவே மாமனார் கட்டிய பெரிய ஓட்டு வீடு. 2011இல் சினிமாக்காரர்கள் அதைக் கேட்டு வந்தபோது, ஓடு மாற்ற வேண்டியிருந்ததால் சரி என்றாள். ஆனால் பச்சைக் கதவு போட்ட அறையை மட்டும் திறக்கக் கூடாது. அது அக்கா கும்பிடும் சாமியான அய்யாவுக்கு விளக்கேற்றும் அறை.

"செருப்புக் காலோட அதுக்குள்ள போனா காலை ஒடிச்சிருவேன், கேட்டியளா?" என்று பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டைரக்டர் லேசுப்பட்டவனா! திறக்காத கதவையே படமாக்கிவிட்டான். கதாநாயகி அந்த வீட்டில் தனியாக இருந்து மெல்ல மெல்லப் புத்தி பேதலிக்கிறாள். பச்சைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. கடைசிவரை கதவு திறக்கவே இல்லை. நாகர்கோவில் தியேட்டரில் நானே காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன், பொய் சொல்வானேன்.

படத்தின் தொடக்கத்தில் 'உண்மைச் சம்பவம்' என்று போட்டிருந்தார்கள். அது போதாதா நம் ஆட்களுக்கு! அந்த அறையில் தூக்குப் போட்டது அக்காவின் மாமியார் என்றார்கள். அந்த அம்மா சர்க்கரை நோயில் ஆஸ்பத்திரியில் இறந்தவள், அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். பால்காரன் கேட்டுக்கு வெளியே பாத்திரம் வைக்கச் சொன்னான். பிறகு அக்காவுக்கும் புத்தி பேதலித்துவிட்டதாம், தனியே நின்று வாழையைத் திட்டுகிறாளாம். அட பாவிகளா, அவள் என்றைக்கு வாழையைத் திட்டாமல் இருந்தாள்?

அப்போது அஜிதாவுக்குச் சுசீந்திரத்தில் ராஜகுமார் என்ற பையனைப் பேசியிருந்தது. இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிருந்தது. பையனின் அம்மா சொல்லியனுப்பினாள்: மந்திரவாதியைக் கூப்பிட்டு, கோழி அறுத்து, பேயை விரட்டினால்தான் நிச்சயதார்த்தம். அவர்கள் அக்காவைப் போல, உயிர்ப்பலி கூடாது என்கிற அய்யாவழிக்காரர்கள் இல்லை.

அஜிதா அழுதாள். "ஒரு கோழிதானேம்மா? அறுத்துத் தொலைச்சா என்ன?"

"ஏட்டி, இல்லாத பேய வெரட்டினா, இருந்துதுன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிரும். பொறவு நீ பெறுத பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் இந்த வீட்டத்தான் சொல்லுவாவ." அக்கா என் பக்கம் திரும்பினாள். "ததேயுஸ், ஆட்டோவ எடு. அவியள இங்க கூட்டிட்டு வா."

அம்மாவையும் மகனையும் ஏற்றி வந்தேன். அந்த அம்மா கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வழியெல்லாம் இறுக்கிப் பிடித்திருந்தாள். முற்றத்தில் இறங்கியவள் பச்சைக் கதவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"உள்ள வாங்க மைனி," என்றாள் அக்கா. ராஜகுமாரிடம் சாவியையும் ஒரு துண்டையும் நீட்டினாள். "தலையில கெட்டிக்கிட்டுத் தெற, மக்கா. எங்க வழக்கமாக்கும் அது."

அவன் துண்டைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தான். நானே ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

உள்ளே ஒரு குத்துவிளக்கு, கொஞ்சம் பிச்சிப்பூ, சுவரோடு ஒரு பெரிய நிலைக்கண்ணாடி. வேறொன்றும் இல்லை. அய்யாவழியில் சிலை கிடையாது, கண்ணாடி முன் நின்றுதான் கும்பிடுவார்கள். சாமி உனக்குள்ளேதான் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. கண்ணாடியில் தலைப்பாகையோடு ராஜகுமார் தெரிந்தான். அவன் தோளுக்குப் பின்னால், எலுமிச்சம்பழமும் கையுமாக, வெளிறிப்போன அவன் அம்மா.

"நல்லாப் பாருங்க மைனி," என்றாள் அக்கா. "ஊரே பயந்து கெடக்கது இதுக்குத்தான். இதுல எது பேயின்னு காட்டுங்க, கோழிய நானே வாங்கித் தாரேன்."

ராஜகுமார் கண்ணாடியைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி, "நிச்சயம் இந்த வீட்லதாம்மா," என்றான்.

அக்கா அந்த அம்மாவின் விரல்களைப் பிரித்து எலுமிச்சம்பழத்தை எடுத்தாள்.

"ஏட்டி அஜிதா, நம்ம கெணத்துத் தண்ணியில இதப் பிழிஞ்சு சீனி போட்டுக் கொண்டா. சம்மந்திக்குத் தாகமா இருக்கும்."

தம்ளர் வந்தது. அந்த அம்மா மகனைப் பார்த்தாள், திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள், பிறகு மடமடவென்று குடித்து முடித்தாள்.