வீடிருந்த வேக்ரண்ட்

வீடு வாசல் இல்லாமல் அலைகிறவனை ஆங்கிலத்தில் வேக்ரண்ட் என்பார்கள். அகராதி அப்படித்தான் சொல்கிறது. 1871-இல் எங்கள் மொரீசியஸ் போலீசுக்கு அகராதி தேவைப்படவில்லை. ஒப்பந்தம் முடிந்த கூலி, படம் ஒட்டிய சீட்டில்லாமல் ரோட்டில் நின்றால் அவன் வேக்ரண்ட்.

சுயாக் ஊர்ப் பக்கம் ஒப்பந்தம் முடித்திருந்த அங்கப்பனுக்கு வீடு இருந்தது. கரும்புத் தோட்டத்துத் துரையிடம் குத்தகைக்கு எடுத்த கால் ஏக்கரில் கத்தரியும் அவரையும் போட்டிருந்தான். துரை விதித்த நிபந்தனை ஒன்றுதான்: பாத்தி ஒரு மாதம் காய்ந்து கிடந்தால் நிலமும் வீடும் போய்விடும். அவனிடம் சீட்டும் இருந்தது. படத்தில் முகத்தைவிட மீசை பெரிது. அதில் இரண்டு குருவிகள் குடியிருந்தனவாம். ஒன்றைத்தான் நான் நம்புகிறேன்.

மனைவி கோவிந்தம்மா விஷக்காய்ச்சலில் பிழைத்ததும், முருகனுக்கு நேர்ந்துகொண்டபடி தலையையும் மீசையையும் மழித்தான். மறுநாள் கத்தரிக்கூடையோடு சந்தைக்குப் போனவனை ரொலான் என்ற போலீஸ்காரன் மறித்தான்.

"யார் சீட்டு இது? எங்க திருடினே?"

"என்னுதுதாங்க. சாமிக்கு மொட்டை போட்டேன்."

"உன் சாமி கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லுமா?"

சாமி வரவில்லை.

"வீடு இருக்கு துரை, வந்து பாருங்க. பொண்டாட்டி எந்திரிக்க முடியாம கெடக்கா. பாத்திக்குத் தண்ணி ஊத்த ஆளில்ல" என்று கோர்ட்டில் நீதிபதியிடம் சொன்னான் அங்கப்பன். மொழிபெயர்க்கும் துபாஷி அதைச் சொல்லி முடிப்பதற்குள் நீதிபதி எழுதிவிட்டார். படம் பொருந்தவில்லை, வேக்ரண்ட், நாற்பது நாள் கல்லுடைக்க வேண்டும்.

"மீசை வளர்றதுக்கு அது போதும்ணே" என்று துபாஷி காதோடு சொன்னான்.

நாற்பத்தோராம் நாள் அங்கப்பன் திரும்பியபோது கால் ஏக்கரிலும் புதுக் கரும்பு நட்டிருந்தது. வீட்டுக் கூரையைப் பிரித்திருந்தார்கள். அண்டைவீட்டுப் பொன்னம்மா வேலியருகே வந்தாள்.

"பத்து நாள் தவழ்ந்து தவழ்ந்து தண்ணி ஊத்தினா, அண்ணே. வேணாம்டின்னேன். நெலம் போயிட்டா அவரு எங்க வருவாருன்னா. பாத்தியிலேயே விழுந்துட்டா. நாங்கதான் எடுத்து அடக்கம் பண்ணோம்."

அங்கப்பன் நேராகத் தோட்டத்து ஆபீசுக்கு நடந்தான். ஒப்பந்தத்தில் இருப்பவனை எவனும் வேக்ரண்ட் என்று பிடிப்பதில்லை.

"அஞ்சு வருஷம்" என்றார் எழுத்தர். "வீடு எங்கே?"

"நீங்க காட்டுற எடம்" என்று சொல்லி, கட்டைவிரலை மையில் வைத்தான்.