வராத ரிங்

எனக்குக் கடல் என்றால் பயம் என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். சல்லிக் கடற்கரையில் பிறந்து, சல்லியிலேயே வாழ்க்கைப்பட்டு, கடலுக்குப் போகிறவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தே தலை நரைத்தவள் நான். ஆனாலும் பயம்தான். இத்தனை வருடத்தில் அது ஒரு நாளாவது குறைந்ததில்லை. அதை வெளியில் காட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான். அதற்கு எனக்குத் துணையாக இருந்தது ஒரு சின்னச் சத்தம்.

ரிங் கட் என்று சொல்வோம். அவருடைய போட் திரும்பி வரும்போது, கரையோரத்துக் கோணேசர் மலை கண்ணில் பட்டதும், அவர் என் போனுக்கு ஒரு ரிங் அடித்து வெட்டிவிடுவார். நான் எடுக்கக் கூடாது. எடுத்தால் கதைக்க வேண்டும். ஒரு கையில் எஞ்சின் பிடித்துக்கொண்டு வருகிறவருக்குக் கதைக்க ஏது நேரம்? ஒரு ரிங் வந்தால் ஆள் வருகிறார் என்று அர்த்தம். அதைக் கேட்டதும் நான் உலை வைப்பேன். நான் வேலிக்கு மேலால் கை காட்டினால் பக்கத்து வீட்டுக்காரியும் உலை வைப்பாள். அவளுடைய புருஷன்தான் இவரோடு ஒரே போட்டில் போகிறவர். அந்த மனுஷன் முன்பு ஒருதரம் போனைக் கடலுக்குள் விட்டுவிட்டு வந்து, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போகிறார். ஆகவே இரண்டு வீட்டுக்கும் ஒரே ரிங்.

ஆனால் கரையில் இருந்து கடலுக்கு நாங்கள் அடிக்கவே மாட்டோம். வெளியே கிளம்பியவரைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். எங்கள் பக்கம் போன் வந்த பிறகு அந்தப் பேச்சு போனுக்கும் தொற்றிக்கொண்டது. கடலில் நிற்கிறவருக்குக் கரையில் இருந்து ஒரு போன் கோல் போகிறதென்றால், வீட்டில் சாவு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். என் மாமனார் கண்மூடிய அன்று அப்படி ஒரு கோல் போனது. இவருடைய அண்ணன் அடித்தார். வலை இழுத்துக்கொண்டிருந்த இடத்தில் வைத்து இவர் அதை எடுத்தார். அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

இப்படி எங்கள் காரியம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் மகள் போனில் கை வைத்தாள்.

மகள் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படிக்கிறாள். ஒரே பிள்ளை, அப்பாவின் செல்லம். வாடைக்காற்று தொடங்குகிற பருவத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், டவுனில் டியூஷன் முடிந்து வந்தவள் அப்பாவின் போனை வாங்கி வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள். திரையின் அடியில் முக்கோணம், வட்டம், சதுரம் என்று மூன்று பொத்தான்கள் இருக்குமே, அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அப்பா, இந்தக் கறுப்புப் பட்டி மப்பில ஒரு துண்டை மறைக்குது. இது இல்லாட்டி இன்னும் கொஞ்சக் கடல் தெரியுமெல்லோ?"

அவர் வலை போட்ட இடங்களைப் போனில் இருக்கிற மப்பில், அதுதான் வரைபடத்தில், குறித்து வைத்து, அதைப் பார்த்துத்தான் போய்வருவார். இன்னும் கொஞ்சக் கடல் தெரியும் என்றதும் வாயெல்லாம் பல்.

"அப்ப எடுத்துவிடு பிள்ளை."

அவள் எதையோ தட்டினாள். மூன்று பொத்தான்களும் போய்விட்டன. இனி எல்லாம் விரலால் இழுக்கிறதுதானாம். கீழ் விளிம்பில் இருந்து மேலே இழுத்தால் முதல் பக்கம். ஓரத்தில் இருந்து உள்ளே இழுத்தால் பின்னுக்குப் போகும். அவர் முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு இழு இழு என்று இழுத்தார். இருட்டுவதற்குள் பழகியும் விட்டார். வலை இழுத்த கைக்கு இது பெரிய வேலையோ என்று என்னிடம் ஒரு பெருமை வேறு.

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி மகள் என் போனையும் பிடுங்கி மாற்றிவிட்டாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பொத்தான் என்றால் அது ஓரிடத்தில் இருக்கிறது, அமத்தினால் வேலை செய்கிறது. இதில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? நான் தொட நினைத்தது ஓடிவிடும், நினைக்காதது திறக்கும். ஒரு பக்கத்துக்குள் போய்விட்டு வெளியே வர வழி தெரியாமல் நின்றேன். வியர்த்துப் போயிற்று எனக்கு. சும்மா சொல்லவில்லை, பயந்தே போனேன்.

"பழையபடி மாத்தித் தா."

"ரெண்டு நாள் பழகுங்கோ அம்மா. அப்பாவைப் பாருங்கோ, எப்பிடிக் கெதியாப் பிடிச்சிட்டார்."

அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் குசினிக்குள் போய்ப் பாத்திரங்களோடு சண்டை பிடித்தேன்.

அடுத்த நாள் விடிய முதல் அவர் போய்விட்டார். வானம் கிழக்கே கறுத்துத்தான் இருந்தது. இந்தப் பருவத்தில் அது எந்த நாளும் அப்படித்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒருவரும் கடலுக்குப் போக முடியாது.

மற்ற போட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. கரையில் மீன் விலை கூறுகிற சத்தம் கேட்டு, பிறகு அதுவும் ஓய்ந்தது. வழமையாக அதற்கு முன்பே எனக்கு ரிங் வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. தூறல் தொடங்கியது. பிறகு காற்று. கரைக்குப் போய், கடைசியாக வந்த போட்டுக்காரரிடம் கேட்டேன். வெளியில் கடல் குழம்பிக் கிடக்கிறது, அவர்களை நான் காணவில்லை என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போட்டை இழுக்கப் போய்விட்டார். அவர் முகத்தைப் பார்க்காததுதான் என்னை உலுக்கியது.

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்காரி அகப்பையும் கையுமாக எங்கள் வாசலில் நிற்கிறாள்.

"அக்கா, ரிங் வந்ததோ?"

"இன்னும் இல்லை."

"வந்து, நீங்கள் கவனிக்கேல்லையோ?"

அது என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. உண்மையிலேயே வந்திருந்தால்? நான் இழுத்த இழுப்பில் எங்கேயாவது மறைந்துபோயிருந்தால்? போனை எடுத்துப் பார்க்கப் போனேன். ஒரு பக்கம் இழுத்தால் வேறெங்கோ போகிறது, திரும்ப இழுத்தால் வெறும் திரை நிற்கிறது. மகளைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் வாங்கிப் பார்த்தாள்.

"ஒரு கோலும் வரேல்லை அம்மா."

கடலில் அவருக்கு என்னவெல்லாம் நடக்கலாம் என்று எனக்குத் தெரியும். எஞ்சின் நிற்கலாம். துறைமுகத்துக்கு வருகிற பெரிய கப்பல்களின் கண்ணுக்கு எங்கள் போட் ஒரு தூசு. அலை ஒன்று பக்கவாட்டில் அடித்தால் போதும். ஒவ்வொன்றும் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது. சல்லி அம்மனை நினைத்துக் கும்பிடவும் வாய் வரவில்லை. ஆளைக் கொண்டுவந்து விடு, பிறகு கும்பிடுகிறேன் என்று கோபம்தான் வந்தது.

மகள் குசினி வாசலில் அசையாமல் நின்றாள். அவள் பார்வை சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்த பொலித்தீன் பைகளில் இருந்தது. கடையில் சீனி கட்டிக் கொடுக்கிற தடித்த பைகள். அவர் கடலுக்குப் போகும்போது மப்பைத் திறந்துவிட்டுப் போனை அதற்குள் போட்டு, வாயை மடித்து, கீழ்ப்பக்கமாக இறப்பர் வளையம் போட்டு இறுக்கிவிடுவார். கரைக்கு வரும்வரை அவிழ்க்கவே மாட்டார். பைக்கு மேலால் அமத்தித்தான் எல்லா வேலையும்.

"அம்மா," என்றாள். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "அப்பா நேற்றுப் பழகினது பை இல்லாமல்."

அவள் ஒரு பையை எடுத்து என் போனை அதற்குள் போட்டாள். அப்பா கட்டுகிற மாதிரியே மடித்து இறப்பர் போட்டாள். கொஞ்சத் தண்ணீரைத் தெளித்தாள். கீழே இருந்து மேலே இழுத்தாள். விளிம்பில் இறப்பரும் மடிப்பும் இருந்தன, விரல் அதைத் தாண்டித்தான் திரைக்கு வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஓரத்தில் இருந்து இழுத்தாள். பைதான் விரலோடு வழுக்கிக்கொண்டு போனது. திரும்பத் திரும்ப இழுத்தாள். பிறகு அழத் தொடங்கினாள்.

"மப்பை விட்டு வெளிய வர ஏலாது அம்மா. அப்பாவால ரிங் அடிக்க ஏலாது. நான்தான் மாத்தினனான்."

அப்பாடா என்று இருக்க வேண்டுமே எனக்கு? இருக்கவில்லை. இன்னும் பயம் கூடியது. முன்பெல்லாம் ரிங் வராவிட்டால் கடலில் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியும். இப்போது கடலில் ஒன்றும் நடக்காவிட்டாலும் ரிங் வராது. அவர் மலையைப் பார்த்துவிட்டாரா, கவிழ்ந்த போட்டைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறாரா என்பதை இனி அந்தப் போன் எனக்குச் சொல்லாது. இத்தனை வருடமாக நான் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஒரு கயிறு அது.

மகள் தன் போனை எடுத்தாள். பைக்குள் கிடந்த என் போனுக்கு அடித்தாள். அது ஒலித்தது, பச்சைப் பொத்தான் வந்தது. பைக்கு மேலால் அதைத் தொட்டாள். கோல் எடுபட்டது.

"நாங்கள் அடிச்சா அப்பாவால எடுக்க ஏலும். தொட்டாப் போதும்."

"கூப்பிடாதேங்கோ அக்கா!" பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்தாள். "கடலுக்குப் போன ஆளை... அக்கா, வேண்டாம். என்ர மனுசனும் அதிலதான் இருக்கிறார்."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குள்ளும் அதே குரல்தான் கேட்டது. நல்லபடியாக வந்துகொண்டிருக்கிறவரை என் கூப்பாடே கவிழ்த்துவிட்டால்? ஆனாலும் போனைப் பையில் இருந்து அவிழ்த்தேன். அவிழ்க்கவே நேரமானது. மகளே அவர் நம்பரைத் தட்டித் தந்தாள். காதில் வைத்தேன்.

ரிங் போனது. போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே குந்திவிட்டாள். மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், சின்ன வயதில் பிடிக்கிற மாதிரி. ரிங் போகிறதென்றால் போன் தண்ணீருக்குள் இல்லை என்று ஒரு மனம் சொன்னது. போன் இருக்கிறது, ஆள் எங்கே என்று மற்ற மனம் கேட்டது. இன்னொருதரம் அடிக்கிறதா, வேண்டாமா? அடித்து, அதையும் எடுக்காவிட்டால் அதற்குப் பிறகு நான் என்ன செய்வேன்?

அடித்தேன்.

ரிங் போய், போய், நிற்கப் போகிற நேரத்தில் எடுபட்டது. முதலில் காற்றுச் சத்தம். பிறகு எஞ்சின். அதற்குப் பிறகு அவர் குரல், நான் ஒரு நாளும் கேட்டிராத குரல்.

"பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளைக்கு ஒண்டும் இல்லை. பக்கத்திலதான் நிக்கிறாள். நீங்கள் எங்க? உங்களுக்கு என்ன?"

எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் அவர் மூச்சு விடுகிறது கேட்டது.

"எனக்கென்ன? வலை சிக்கிப் போச்சு, அதுதான் சுணக்கம். மலை தெரியுது. இந்தச் சனியன் பிடிச்ச போனை இழுத்து இழுத்துப் பாக்கிறன், மப்புதான் அங்கயும் இஞ்சயும் ஓடுது."

வேலிக்கு மேலால் கை காட்டத் தேவையில்லாமல் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி என் காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இரண்டு வீட்டிலும் அன்றைக்கு உலை வைக்க ஆளில்லை.

அவர்கள் கரைக்கு வந்தபோது மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. மகள் ஓடிப்போய் அப்பாவின் ஈரச் சட்டையோடு ஒட்டிக்கொண்டாள். அவர் அவளை ஏசவில்லை. தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். முகம் வெளிறிப்போய் இருந்தது. கடலால் வந்த வெளிறல் இல்லை அது.

வீட்டுக்கு வந்து, ஈரச் சாரத்தை மாற்றிக்கொண்டு, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். மகள் பக்கத்தில் இருந்து அவர் போனில் மூன்று பொத்தான்களையும் திரும்பக் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு என் போனிலும். நான் கேட்டேன்.

"முதல் அடிச்சது கேக்கேல்லையோ?"

"கேட்டது."

"அப்ப ஏன் எடுக்கேல்லை?"

"உன்ர பேர் தெரிஞ்சது. பயந்திட்டன். அப்பா செத்த அண்டைக்கு வந்த மாதிரி... எடுக்காட்டி இன்னும் ஒண்டும் நடக்கேல்லை எண்டு இருக்கலாமே. அதுதான் விட்டனான். ரெண்டாந்தரம் அடிக்கேக்க விட ஏலாமப் போச்சு."

பயப்படுகிறது கரையில் இருக்கிறவர்களின் வேலை என்றுதான் இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். கடலில் நிற்கிற மனுஷனுக்கு அலையும் காற்றும் மீனும்தான் யோசனை என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் எங்களை விட்டுவிட்டுப் போய், திரும்பி வரும்வரை வீட்டில் என்ன நடந்ததோ என்று அவரும் வயிற்றில் நெருப்போடுதான் இருந்திருக்கிறார். அவருக்கு யாரும் ஒரு ரிங் அடித்ததில்லை.

கோப்பையைக் கீழே வைத்தார்.

"இனி என்ர ரிங் வந்தா, நீயும் ஒண்டு அடிச்சு வெட்டிவிடு."

"கரையில இருந்து அடிக்கிறதோ?"

"ஓம். அடி."

பக்கத்து வீட்டுக்காரிக்கு இது இன்னும் பிடிக்கவில்லை. வேலிக்கு அங்கால் நின்று முகத்தைச் சுளிக்கிறாள். நான் அதைக் கவனிப்பதில்லை. மலை கண்ணில் பட்டதும் அவர் ஒன்று அடித்து வெட்டுகிறார். நானும் ஒன்று அடித்து வெட்டிவிட்டுத்தான் உலையை வைக்கிறேன்.