மைத்துனன் கொடுத்த ரத்தம்

மனைவிக்குக் கருப்பையை எடுக்க வேண்டும் என்றதும், எருமப்பட்டியிலிருந்து அவள் தம்பி கிளம்பிச் சேலம் வந்துவிட்டான். "அக்காளுக்கு என்ற ரத்தந்தானுங்க போகோணும்" என்று ரத்த வங்கியில் கறாராகச் சொன்னான். அங்கிருந்தவர் தலையாட்டினார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். எல்லோருக்கும் அப்படித்தான் தலையாட்டுவார்கள். நாம் கொடுப்பது இருப்பில் சேரும், நமக்கு வருவது யாருடையதோ. மருத்துவமனை அலுவலகத்திலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அவனுக்கு எடுத்துச் சொன்னேன். காதில் ஏறவில்லை.

அறுவை முடியுமுன்பே மருத்துவர் ஒருவர் வெளியே வந்தார். நல்ல செய்தி சொல்ல யாரும் பாதியில் வருவதில்லை. ரத்தம் ஏறத் தொடங்கியதும் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, ரத்த அழுத்தம் விழுந்து, மூச்சுக்குழாய் இறுகிவிட்டதாம். ஏற்றுவதை நிறுத்தி ஊசி போட்டிருக்கிறார்களாம். "வகை சரியாத்தான் இருந்தது. அந்த ரத்தத்துல ஏதோ ஒண்ணு அவங்க உடம்புக்கு ஒத்துக்கல."

எந்த அறிக்கை எங்கே போகும், அந்தப் பையை யார் திருப்பி அனுப்புவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவள் பிழைப்பாளா என்பது மட்டும் தெரியவில்லை.

மைத்துனன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "என்ற ரத்தந்தான் கொன்னுபோடுச்சுங்களா மாமா?"

"அது உன்ற ரத்தமே இல்ல மாப்ள."

"எனக்காகச் சொல்றீங்க."

மறுநாள் அவள் கண் விழித்தாள். செயற்கை மூச்சை எடுத்துவிட்டார்கள். ஆனால் உடம்பில் ரத்தம் போதவில்லை, மறுபடி ஏற்றியே ஆக வேண்டும் என்றார்கள். இந்த முறை ரத்தத்தைக் கழுவி, ஒவ்வாததை நீக்கிவிட்டுத் தருவார்களாம். ரத்தத்தையும் துவைப்பார்கள் என்பது என் பணிக்காலம் முழுவதும் காகிதத்தில் மட்டுமே பார்த்த சங்கதி.

"யாருதுன்னாலும் ஏத்தச் சொல்லுங்க மாமா. என்றது மட்டும் வேண்டாங்க" என்றான்.

சொட்டுச் சொட்டாக ஏறியது. செவிலியர் பக்கத்திலேயே நின்றார். அவன் குனிந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அரிக்குதா?"

"இல்ல."

"இப்ப?"

"நீ கேக்கறதுதான்டா அரிக்குது."

பை காலியாகும்வரை ஒரு தடிப்பும் எழவில்லை. அவன் வெளியே வந்து, வராந்தாவில் இருந்த ஒரே நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தான். எனக்கும் கால் கடுத்தது. எழுப்ப மனம் வரவில்லை, சுவரில் சாய்ந்துகொண்டேன்.